கேட்கக் கூடாத மன்னிப்பு

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு லண்டனிலிருந்து கடிதம் வந்தது. மால்ட்பி மீன் கம்பெனியின் பாலிசியை ரத்து செய்கிறோம் என்று அதில் இல்லை. ரத்து செய்தால் நேற்றுவரையாவது இருந்தது என்று ஆகிவிடுமே. அப்படியொரு பாலிசி என்றைக்குமே இருந்ததில்லை என்று கருதுவதாக எழுதியிருந்தார்கள். கட்டிய பிரீமியத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மொத்தம் இரண்டு பக்கம், வரிக்கு வரி மரியாதை.

லொரெய்ன் ட்ரூரி அதை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். வெளிச்சத்தில் வேறு மாதிரி தெரியுமோ என்று ஜன்னலோரம் எடுத்துப் போய் இன்னொரு தடவையும் படித்தாள்.

கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஸ்டாம்ப் அண்ட் சன் அலுவலகத்தில் அவளுக்கு இது இருபத்தேழாவது வருடம். காப்பீட்டுத் தரகர் வேலை. ஊரில் தொழில் நடத்துகிறவர்களுக்கு எந்தப் பாலிசி பொருந்தும் என்று பார்த்து லண்டன் கம்பெனிகளிடம் பேசி வாங்கித் தர வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் அவர்களுக்காக லண்டனோடு மல்லுக்கட்ட வேண்டும். மல்லுக்கட்டுவதில் லொரெய்ன் கெட்டிக்காரி. "அந்தம்மா போன் பண்ணினா லண்டன்ல நாற்காலி நகரும்" என்று துறைமுகத்தில் சொல்வார்கள். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் பாலிசி வாங்கியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் மாதம் மால்ட்பியில் நடந்தது ஊருக்கே தெரியும். ஒரு நாள் காலை ஷிஃப்ட் உள்ளே போனபோது கம்பெனியின் அத்தனை கணினிகளும் பூட்டிக் கிடந்தன. திரைகளில் ஒரே செய்தி: திறக்க வேண்டுமானால் பணம். மீன் வெட்டும் இயந்திரம் ஓடியது, ரொட்டித்தூள் பூசும் இயந்திரம் ஓடியது. உறைய வைக்கும் இயந்திரமும் லேபிள் அடிக்கும் இயந்திரமும் செத்துக் கிடந்தன. எந்தக் கடலில் பிடித்த மீன், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு என்ன எச்சரிக்கை, இதெல்லாம் அச்சடித்து ஒட்டாமல் ஒரு பொட்டலம்கூட அந்த வாசலைத் தாண்ட முடியாது. வெளியே லாரிகள் காத்திருந்தன. உள்ளே மலைபோல மீன் காத்திருந்தது. பாக்கிங் பெண்கள் கையாலேயே எழுதி ஒட்டித் தருகிறோம் என்றார்கள். சூப்பர்மார்க்கெட்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அத்தனையும் தீவனம் அரைக்கும் ஆலைக்குப் போனது. மூன்றாவது வாரம் சூப்பர்மார்க்கெட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அறுபத்து நான்கு பேர் வேலை செய்கிற இடம். இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, காப்பீட்டுப் பணம் வந்தால் நிமிர்ந்துகொள்ளலாம் என்ற ஒரே நம்பிக்கையில்.

அந்தப் பணத்தைத்தான் லண்டன் இல்லை என்கிறது. காரணம், பாலிசியைப் புதுப்பித்தபோது கொடுத்த படிவத்தில் முப்பத்து நான்காவது கேள்வி. வெளியிலிருந்து உங்கள் கணினிகளுக்குள் நுழையும் எல்லா வழிகளிலும், கடவுச்சொல்லோடு சேர்த்துப் போனுக்கு வரும் எண்ணையும் கேட்கிற ஏற்பாடு உண்டா? 'உண்டு' என்று பதில். கீழே முதலாளி கிளென் மால்ட்பியின் கையெழுத்து. ஆனால் திருடர்கள் நுழைந்த வழியில் அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. உறைய வைக்கும் புது இயந்திரத்தை விற்ற டச்சுக்காரர்கள், அதை ராட்டர்டாமில் உட்கார்ந்தபடியே கவனித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்கு வெறும் ஒரு கடவுச்சொல். அதையும் பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இது தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்கிறார்கள்.

"பிலிப், பாத்தீங்களா இத?" என்று லொரெய்ன் அடுத்த அறைக்குள் நுழைந்தாள்.

"பாத்தேன். கஷ்டம்தான்" என்றான் பிலிப் ஸ்டாம்ப். பெயர்ப் பலகையில் இருக்கும் மகன் இவன்தான். அப்பா போன பிறகு இப்போது இவன்தான் முதலாளி. பள்ளிச் சீருடையோடு வந்து அப்பாவின் மேஜைக்கடியில் பிஸ்கட் தின்ற நாளிலிருந்து லொரெய்னுக்கு அவனைத் தெரியும்.

"என்ன கஷ்டம்? அந்த மெஷின் வெளிய யார்கூடயோ பேசுதுன்னு கிளெனுக்கே தெரிஞ்சிருக்காது. தெரியாததை மறைச்சார்னு எப்படிச் சொல்றது? பொய் பேசற ஆளா அவர்? இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். எழுதறேன் பாருங்க பதில. நாற்காலி நகரட்டும்."

"நகர்த்துங்க, நகர்த்துங்க" என்றான் பிலிப், கண்ணைக் கணினியிலிருந்து எடுக்காமல்.

மால்ட்பியின் ஃபைலைத் தூக்கி வந்து மேஜையில் போட்டாள். ஊரே கணினிக்குப் போன பிறகும் லொரெய்ன் போனில் பேசுவதை மஞ்சள் தாளில்தான் குறித்துக்கொள்வாள். நேரம் கிடைக்கும்போது ஸ்கேன் செய்வாள். நேரம் கிடைக்காத தாள்கள் ஃபைலிலேயே கிடக்கும். கிளெனுக்கு ஒன்றும் தெரியாது என்று காட்ட ஏதாவது அகப்படுமா என்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிப்ரவரி பதினொன்றாம் தேதித் தாள் கையில் வந்தது. அவளுடைய கையெழுத்துதான்.

'கிளென் போனில். புது உறைவிப்பான் வந்துவிட்டது. "நீ மீட்டிங்ல சொன்ன மாதிரியே மெஷினைக் கூப்பிட்டு விசாரிச்சேன், இது ராட்டர்டாமோட பேசுதாம்!" சிரிப்பு. தீ பாலிசியில் மதிப்பை ஏற்றவும்.'

அந்த மீட்டிங் நவம்பரில் நடந்தது. வர்த்தக சங்கத்தில் 'நாளைய அபாயங்கள்' என்று லொரெய்ன்தான் பேசினாள். உங்கள் காபி மெஷின்கூட உங்களுக்குத் தெரியாமல் வெளியே யாருடனாவது பேசிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு மெஷினையும் கூப்பிட்டு விசாரியுங்கள் என்றாள். எல்லோரும் சாண்ட்விச்சை மென்றுகொண்டே சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் அவள் பேச்சைக் கேட்டு நிஜமாகவே போய் விசாரித்திருக்கிறார். விசாரித்ததைப் போன் பண்ணி அவளிடமே சொல்லியும் இருக்கிறார்.

அவள் என்ன செய்தாள்? அன்றைக்கு மத்தியானமே தீ பாலிசியில் இயந்திரத்தின் மதிப்பை ஏற்றினாள். அவள் மண்டைக்குள் தீ பாலிசிக்கு ஓர் அறை, கணினித் திருட்டுக்கான சைபர் பாலிசிக்கு இன்னோர் அறை. தீ பாலிசிக்கு அந்த உறைவிப்பான் எரிந்து போகக்கூடிய ஓர் இரும்புச் சாமான், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து சைபர் படிவம் வந்தது. அறுபது கேள்வி, நாளைக்குள் வேண்டும் என்று லண்டன் குதித்தது. கிளென் ஊரில் இல்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். போன வருடப் பதில்களை அப்படியே இறக்கி, தேதியை மாற்றி, கையெழுத்துக்காக அவர் போனுக்கு அனுப்பினாள். 'போன வருடத்தைப் போலவே' என்பது தரகர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுதுகிற வாசகம். போன வருடம் அந்த உறைவிப்பான் கிடையாது.

லொரெய்ன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். கழிவறைக்குப் போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து மேஜை இழுப்பறையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு மறுபடியும் போய்க் கை கழுவினாள். சாயங்காலம்வரை லண்டனுக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்தத் தாள் ஸ்கேன் ஆகவில்லை என்பதை மூன்று முறை சரிபார்த்தாள். எதற்காகச் சரிபார்க்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய் காலை கிளெனே கூப்பிட்டார். "ஒரு எட்டு வந்துட்டுப் போம்மா" என்றார்.

துறைமுகத்து ரவுண்டானாவை அவள் இரண்டு முறை சுற்றினாள். மூன்றாவது முறை பின்னால் வந்தவன் ஹாரன் அடித்ததால்தான் திரும்பினாள். மால்ட்பியின் முற்றத்தில் ஒரு லாரிகூட இல்லை. மாடியில் கிளென் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது, கதவளவு உடம்பு, மீனில் முடி விழாமல் தாடிக்கு மாட்டிய வலையைக் கழற்ற மறந்திருந்தார். கெட்டியாக ஒரு தேநீர் போட்டு அவள் முன் வைத்தார்.

"கடுதாசி எனக்கும் வந்துச்சு. நீ ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? தப்பு உன்மேல இல்லயே."

"கிளென், நான் சொல்ல வந்தது..."

"இரு, நான் சொல்லி முடிச்சிடறேன். என் கையெழுத்துதான அது? அன்னைக்கு அபர்டீன்ல, ஆஸ்பத்திரி கார் பார்க்குல நிக்கறேன். உள்ள பொண்ணுக்குப் பிரசவம். போன்ல வந்துச்சு உன்னோட படிவம். விரலால ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு உள்ள ஓடிட்டேன். ஒரு கேள்வியக்கூடப் படிக்கல. பேத்தி என்னடான்னா மூக்கும் முழியுமா இருக்கா. கம்பெனிதான் இப்படி ஆயிடுச்சு."

லொரெய்ன் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். சூடு விரலைச் சுட்டும் அதை வைக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் எல்லாரையும் கேன்டீன்ல கூப்பிட்டேன்" என்றார் கிளென். "ஒரு மீன் பெட்டிய கவுத்துப் போட்டு ஏறி நின்னேன். 'படிக்காம கையெழுத்துப் போட்டவன் நான். உங்க வேலைக்கு உலை வெச்சது நான்தான். மன்னிச்சிடுங்க'ன்னேன். அறுபத்து நாலு பேரும் என்னையே பாக்கறாங்க. பாக்கிங்ல டாட்டி இருக்காளே, அவதான் வாயத் தொறந்தா. 'சரி சரி, எறங்கு கெழவா, பெட்டி ஒடையப் போவுது'ன்னா." அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "சொல்லாம இருந்தா தூக்கம் வராதும்மா. சொல்லிட்டேன், நேத்து ராத்திரி தூங்கினேன்."

"அந்தப் புது மெஷின் வெளிய பேசறத நீங்க யார்கிட்டயாவது சொன்னதா ஞாபகம் இருக்கா?"

"யார்கிட்ட சொல்லியிருக்கப் போறேன்? ஞாபகம் இருந்தா சொல்ல மாட்டேனா? இந்த வருஷம் எனக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கல."

பிப்ரவரித் தாள் அவள் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து மேஜையில் வைக்க ஒரு விநாடி போதும். அவள் தேநீரைக் குடித்து முடித்தாள், ஏதோ சொன்னாள், எழுந்து வந்துவிட்டாள். பயம்தான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது? ஐம்பத்து மூன்று வயது, அடைத்து முடியாத வீட்டுக் கடன், இருபத்தேழு வருடப் பேர். இத்தனையும் அந்த ஒரு விநாடியில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டன. காரில் ஏறிய பிறகு தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

அன்று மத்தியானம் பிலிப்பின் மேஜையில் தாளை வைத்தாள். அவன் படித்தான், எழுந்து கதவைச் சாத்தினான், மறுபடியும் படித்தான்.

"இத வேற யார் பாத்தது?"

"நீங்க. நான்."

"ஸ்கேன் ஆச்சா?"

"ஆகல."

வெளியே யாரோ அச்சு இயந்திரத்தில் காகிதம் நிரப்பும் சத்தம் கேட்டது. பிலிப் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"கையெழுத்து அவரோடதுதான, லொரெய்ன்."

"பதில் என்னோடது. அவர் சொன்னார், நான் கேட்டேன், எழுதிக்கூட வெச்சிருக்கேன். எழுதிட்டுப் போய் நேர்மாறா 'உண்டு'ன்னு போட்டிருக்கேன்."

"நேத்தே தெரியுமா? இன்னைக்குக் காலைல அங்க போனீங்களே... அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"நல்லவேளை! கடவுள் காப்பாத்தினார்." பிலிப் பீரோவிலிருந்து நீல உறையை உருவினான். ஊருக்கெல்லாம் பாலிசி விற்கிறவர்களுக்கும் ஒரு பாலிசி உண்டு. தரகர் தவறு செய்து வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால், தரகரின் காப்பீட்டுக் கம்பெனி அந்த நஷ்டத்தைக் கொடுக்கும். "ஆறாவது நிபந்தனை. நீங்களே படிச்சிருப்பீங்க. இன்சூரன்ஸ்காரங்க சம்மதம் இல்லாம தப்ப ஒத்துக்கக் கூடாது. நீங்க அவர்கிட்ட 'சாரி கிளென், என்னாலதான்'னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னு வைங்க, நம்ம இன்சூரன்ஸும் கைய விரிச்சிடலாம். அப்புறம் அவர் நம்மமேல கேஸ் போட்டு ஜெயிச்சு என்ன பிரயோஜனம்? எடுத்துட்டுப் போக இந்த நாலு மேஜையும் ஒரு காபி மெஷினும்தான் இருக்கு."

லொரெய்னுக்கு அது மனப்பாடம். இருபத்தேழு வருடமாக அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். யார்மேலாவது இடித்துவிட்டால் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்காதீர்கள், பேரையும் முகவரியையும் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள் என்பாள். ஒரு கட்டட மேஸ்திரி, சாரம் சரிந்து கால் உடைந்த ஆளை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போக ஆசைப்பட்டபோது, போகக் கூடாது என்று தடுத்ததும் அவள்தான். கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

"அப்ப நம்ம இன்சூரன்ஸுக்குத் தெரிவிச்சிடுங்க" என்றாள். "இன்னைக்கே."

"யோசிக்கலாம். அக்டோபர்ல நமக்கும் புதுப்பிக்கணும். இத அனுப்பினா அடுத்த வருஷம் நமக்கு யார் பாலிசி தருவா? பாலிசி இல்லாம கடைய எப்படித் திறக்கறது?"

"அனுப்பலைன்னா மால்ட்பி கதவச் சாத்தறார். நீங்க அனுப்பறீங்களா, நான் அனுப்பவா?"

"உங்க வேலை போயிடும், லொரெய்ன். நான் போகச் சொல்லலைன்னாலும் இன்சூரன்ஸ்காரங்க சொல்லுவாங்க."

"தெரியும்."

பிலிப் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "அப்பா இருந்தா என்ன செஞ்சிருப்பாரோ."

"திட்டிக்கிட்டே அனுப்பியிருப்பார். என்னை இல்ல, உங்கள. நீங்கதான் பக்கத்துல இருப்பீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கணினியைத் தன் பக்கம் திருப்பித் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். அவன் அனுப்பி முடிக்கும்வரை லொரெய்ன் நகரவில்லை.

வியாழக்கிழமை லீட்ஸிலிருந்து ஒரு வக்கீல் பேசினாள், ஸ்டாம்பின் காப்பீட்டுக் கம்பெனியுடைய வக்கீல். சின்ன வயதுக் குரல், நிறுத்தி நிதானமான பேச்சு. தாளின் நகலை மால்ட்பியிடம் கொடுக்கலாம், அது அவருடைய உரிமை. என்ன நடந்தது என்று கேட்டால் நடந்ததைச் சொல்லலாம். வெளி வக்கீலைப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

"மன்னிப்பு?"

"கூடாது."

"வருத்தமா இருக்குன்னு? அதுகூடவா?"

"அதுவும் வேண்டாம். நீதிமன்றம் அத எப்படி எடுத்துக்கும்ங்கறது வேற விஷயம். உங்க பாலிசி எப்படி எடுத்துக்கும்னுதான் நான் பாக்கணும். நீங்க பேசாம தபால்ல அனுப்பிடுங்களேன், மிஸஸ் ட்ரூரி."

"நேர்லதான் போவேன்."

"அப்ப பேச்சக் குறைச்சுக்குங்க."

"அவருக்குப் பணம் கிடைக்குமா?"

"அவர் உங்க கம்பெனிமேல நஷ்டஈடு கேட்டுக் கோரிக்கை வெச்சாதான் மத்த பேச்சே. தானா முன்வந்து யாரும் கொடுக்கறதில்ல. அது உங்களுக்கே தெரியுமே."

தெரியும். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து லொரெய்னுக்கு வேறொரு கவலை. கிளென் மால்ட்பி கோரிக்கை வைக்கிற ஆளே இல்லை. மூன்று வருடம் முன்பு ஓர் ஒப்பந்தக்காரன் குளிர்கிடங்குச் சுவரை லாரியால் இடித்துத் தள்ளிவிட்டு அழுதுகொண்டு நின்றான். கிளென் அவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்து, முதுகில் தட்டி, சுவரைத் தன் செலவில் கட்டிக்கொண்டார். விஷயம் தெரிந்து லொரெய்ன் கத்தியபோது, "அவன்தான் மன்னிப்புக் கேட்டுட்டானேம்மா, அதுக்கு மேல என்ன" என்றார். மன்னிப்பு என்ற ஒன்றைக் காதில் போட்டுவிட்டால் அந்த மனிதர் அப்படியே விட்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமை அவளால் காலை உணவைத் தொட முடியவில்லை. காரைக் கழுவினாள், அது சுத்தமாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு மால்ட்பியின் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் வக்கீல் அனுமதித்த நான்கு வாக்கியங்களையே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கிளென் அவள் கொடுத்த உறையைப் பிரித்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"உன் கையெழுத்து மாதிரி இருக்கே."

"ஆமா."

"பிப்ரவரி பதினொண்ணு..." உதடு அசையப் படித்தார். நிறுத்தினார். "ராட்டர்டாமோட பேசுதாம்... அட! நான் சொல்லியிருக்கேன்!"

"சொன்னீங்க."

"நான் சொல்லியிருக்கேன் லொரெய்ன்! உங்கிட்டயே சொல்லியிருக்கேன்! பாரேன், சுத்தமா மறந்துட்டேன்." ஒரு கணம் அந்தப் பெரிய முகம் முழுக்க நிம்மதி. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். "அப்ப அதுல 'உண்டு'ன்னு போட்டது யாரு?"

"போன வருஷப் பதில நான் இறக்கிப் போட்டேன்."

"இந்தத் தாள் உனக்கு எப்பக் கிடைச்சுது?"

"திங்கட்கிழமை."

"செவ்வாய்க்கிழமை இங்கதான உக்காந்திருந்த? இதே நாற்காலில." அவர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் பெட்டிமேல ஏறி நின்ன கதையச் சொன்னேன். என் டீயக் குடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்த. அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

கீழே கன்வேயர் நின்றது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பெண்கள் பேசிக்கொண்டே முற்றத்தைக் கடப்பது கேட்டது. கிளென் அவர்கள் போகும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது முகம் கொஞ்சம் தணிந்திருந்தது. அந்தத் தணிவைப் பார்த்துத்தான் லொரெய்ன் பயந்தாள்.

"சரி. சொல்லு" என்றார்.

"என்ன சொல்ல?"

"சொல்ல வேண்டியதத்தான். இருபத்திரண்டு வருஷம், லொரெய்ன். எங்கம்மா சாவுக்கு வந்து பாத்திரம் கழுவிட்டுப் போனவ நீ. யாருக்குத்தான் கை தவறல? எனக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லிடு, இந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டு நான் வேற வழி பாத்துக்கறேன்."

அவர் நிஜமாகவே கிழித்துவிடுவார். தாளின் நடுவில் இரண்டு கட்டைவிரல்களும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தன. நாக்கின் நுனியில் அந்த வார்த்தை ஐந்து நாளாகக் கிடந்து புண்ணாகியிருந்தது. லொரெய்ன் கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"வக்கீல் ஒருத்தரப் பாருங்க, கிளென். திங்கட்கிழமையே. எங்க ஆளு வேண்டாம், வெளி ஆளா பாருங்க."

"என்ன?"

"அந்தத் தாளப் பத்திரமா வெச்சுக்குங்க. நகலும் ரெண்டு எடுத்துக்குங்க."

"நான் உங்கிட்ட என்ன கேட்டேன்?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையைத் தாழ்த்தினால் அதுவே ஒரு மன்னிப்பாகிவிடுமோ என்று பயந்தாள்.

கிளென் எழுந்தார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது. "அறுபத்து நாலு பேர் முன்னாடி நான் கேட்டேன். நான் செய்யாத தப்புக்கு! ஒரே ஒரு ஆள் முன்னாடி கேக்க உனக்கு வாய் வரல. இதுக்கும் அந்த லண்டன்காரனுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது என் டீயக் குடிக்கல. இப்படி ஒரு கல்லையா இத்தனை வருஷம் வீட்டுக்குள்ள விட்டு வெச்சிருந்தேன்?" கதவைத் திறந்து பிடித்தார். "எந்திரி. வெளிய போ. இனிமே இந்தப் படியில உன் கால் படக் கூடாது."

லொரெய்ன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவரைத் தாண்டும்போது தாடையை இறுக்கிக்கொண்டாள், பல் வலித்தது. கதவு அவள் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தப்பட்டது. நான்கு படி இறங்கியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

மெல்லிய பலகைக் கதவு. உள்ளே அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"மச்சான், நான்தான். உனக்கு ஒரு வக்கீல் தெரியும்னியே, கேஸ்னா விட மாட்டான்னு, அவன் நம்பர் சொல்லு. இல்ல, லண்டன்மேல இல்ல. ஸ்டாம்ப்மேல. ஆமா, அந்தப் பொம்பளமேலதான்! சொல்லு, எழுதிக்கறேன்."

அவர் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். கடைசி எண்வரை நின்று கேட்டுவிட்டு, லொரெய்ன் படியிறங்கினாள்.